எண்ணிக்கை பூஜ்ஜியம் இல்லை

டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்கள் கம்ப்யூட்டரிடம் கேட்கும் கேள்விகளைத் தோண்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கிடக்கும்: அப்படி ஒன்று இருக்கிறதா? இந்த எண்ணில் குடும்ப அட்டை இருக்கிறதா, இந்தப் பதிவெண்ணில் மாணவர் இருக்கிறாரா, கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கிறதா. இதைக் கேட்பதற்கென்றே எஸ்.க்யூ.எல். மொழியில் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். என் பிழைப்பு அந்தச் சொல்லை நம்பித்தான் ஓடியிருக்கிறது.

நான் படித்தது தத்துவம். முதுகலையில் தர்க்கவியலும் பகுப்பாய்வுத் தத்துவமும் எடுத்தேன். அதை வைத்து என்ன வேலைக்குப் போவது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மாலை நேரக் கணினி வகுப்பில் சேர்ந்தேன். முதலில் ஃபாக்ஸ்புரோ, பிறகு ஆரக்கிள். தர்க்கவியல் வகுப்பில் படித்த தத்துவவாதிகளான ஃப்ரேகேயையும் ரஸ்ஸலையும் இனி திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்றுதான் நினைத்தேன். பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே எட்கர் காட் வந்து நின்றார். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தவர். 1970-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்று உலகெங்கும் ஓடும் ‘ரிலேஷனல்’ டேட்டாபேஸ்களுக்கு மூலம். தகவலையெல்லாம் அட்டவணைகளாக வை, அவற்றைத் தர்க்கவியலின் மொழியில் கேள்வி கேள் என்பது அவர் யோசனை. எந்தத் தர்க்கவியல்? ஜெர்மனியின் யேனா நகரில் கணிதம் கற்பித்த கோட்லோப் ஃப்ரேகே 1879-இல் அடித்தளம் போட்ட அதே தர்க்கவியல். ‘ஒவ்வொன்றும்’, ‘குறைந்தது ஒன்றாவது’ என்று நாம் புழங்கும் பேச்சைக் குறியீட்டுக்குள் பிடித்தவர் அவர். தேர்வோடு முடிந்தது என்று நான் விட்டுவந்த பாடம் சம்பளத்தோடு திரும்பி வந்தது.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ‘எக்ஸிஸ்ட்ஸ்’ சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் ஒரு தேடலை எழுதுகிறோம். பொருந்தும் வரி ஒன்றாவது கிடைத்தால் விடை ‘உண்மை’, ஒன்றுமே கிடைக்காவிட்டால் ‘பொய்’. உள்ளே எந்தக் கலத்தைக் கேட்கிறோம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. பெயரைக் கேட்டாலும், பிறந்த தேதியைக் கேட்டாலும், பேருக்கு ‘செலக்ட் 1’ என்று எழுதினாலும் விடை மாறாது. ஒருமுறை பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி கேட்டாள்: “அப்போ அந்த ஆளைப் பத்தி எதையுமே எடுக்காமதான் ஆள் இருக்கார்னு சொல்லுதா மேடம்?”

“ஆமாம்மா. எடுக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.”

அவள் தொட்ட இடம் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1781-இல் தொட்ட இடம். இருத்தல் என்பது ஒரு பொருளின் பண்புகளோடு கூடுதலாகச் சேரும் இன்னொரு பண்பு ஆகாது என்றார் அவர். அவர் காட்டிய உதாரணம் அந்நாளைய நாணயமான தாலர். மனத்தில் நினைத்த நூறு தாலருக்கும் பையில் கிடக்கும் நூறு தாலருக்கும் தொகையில் ஒரு காசு வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் பையின் கனத்தில்தான். கடவுள் என்ற கருத்திலேயே இருப்பும் அடங்கியிருக்கிறது, ஆகவே கடவுள் உண்டு என்று 11-ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம் தொடங்கிவைத்த வாதத்தின் வழியை மறிக்கத்தான் காண்ட் இதைச் சொன்னார். எங்கள் வேலையில் இதற்குப் பெரிய விளக்கம் தேவைப்படாது. ஓர் அட்டவணையை வடிவமைக்கும்போது எத்தனை கலங்கள் வேண்டுமானாலும் வைக்கலாம், எதையும் காலியாக விடக் கூடாது என்று கட்டளையும் போடலாம். எவ்வளவு நிறைவாக வடிவமைத்தாலும் அதனால் உள்ளே ஒரு வரி தானாக வந்து உட்காராது.

காண்ட் சொன்னது இருப்பு எதுவாக இல்லை என்பதை. அது எது என்று சொன்னவர் ஃப்ரேகே. 1884-இல் வந்த எண்கணித அடித்தளங்கள் பற்றிய நூலில், ஒன்று உண்டு என்று சொல்வதும் அதன் எண்ணிக்கை பூஜ்ஜியம் இல்லை என்று சொல்வதும் ஒன்றுதான் என்று முடித்துவிட்டார். ‘இல்லை’ என்று சொல்லும் இடத்தில் இதன் அருமை தெரியும். வெள்ளிக் கோளுக்கு நிலவு இல்லை என்கிறோம். இருப்பு என்பது பொருளின் பண்பு என்றால், எந்த நிலவைப் பற்றி அந்தப் பண்பு இல்லை என்று சொன்னோம்? சுட்டிக் காட்ட ஒரு நிலவு வேண்டுமே. இருந்தால் நாம் சொன்னது பொய்யாகிவிடுமே. ஃப்ரேகேயின் விடை நேரானது: நாம் எந்த நிலவைப் பற்றியும் பேசவில்லை. ‘வெள்ளியின் நிலவு’ என்ற கருத்தைப் பற்றிப் பேசினோம், அதன் கீழ் விழுவது எதுவும் இல்லை என்றோம். ‘எக்ஸிஸ்ட்ஸ்’ செய்வதும் இதையேதான். அது எந்த வரியையும் வர்ணிப்பதில்லை. தேடலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது.

இவ்வளவு தெளிவான விஷயத்தை எங்கள் தொழில் தினமும் மீறுகிறது. ‘நீக்கப்பட்டது: ஆம்/இல்லை’ என்று ஒரு கலம் வைக்காத அலுவலகத்தைக் காண்பது அரிது. ‘சாஃப்ட் டெலீட்’ என்பார்கள். ஊழியர் வேலையை விட்டுப் போனாலும், வாடிக்கையாளர் கணக்கை மூடினாலும் வரியை அழிக்காமல் அந்தக் கலத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிடுவது. தணிக்கைக்கு வருபவர்களுக்குக் காட்ட வேண்டும், கைதவறி நீக்கினால் மீட்க வேண்டும் என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் இருப்பைக் கலமாக மாற்றிய மறுநாளிலிருந்து தொல்லை தொடங்கும். ஒவ்வொரு குவெரியிலும், அதாவது எழுதும் ஒவ்வொரு தேடலிலும், ‘நீக்கப்படாதவை மட்டும்’ என்று மறக்காமல் சேர்க்க வேண்டும். ஒருவர் மறந்தால் போதும், போனவர்களுக்கும் போனஸ் பட்டியலில் இடம் கிடைத்துவிடும். பழைய வாடிக்கையாளர் மறுபடி வந்து அதே கைபேசி எண்ணில் கணக்குத் தொடங்கப் பார்த்தால், இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று கதவடைக்கும். யாரிடம் இருக்கிறது என்று தேடினால் திரை காட்டாது, ஏனென்றால் அவர் ‘இல்லை’.

இந்தக் கலத்துக்குத் தத்துவத்தில் ஒரு மூதாதை உண்டு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த அலெக்ஸியஸ் மைனோங், 1904-இல் எழுதிய கட்டுரையில், இருப்பவை மட்டுமே பொருள்கள் என்பது நம் ஒருதலைச் சார்பு என்று வாதிட்டார். பொன்மலை என்று ஒன்று இல்லை. ஆனாலும் அது பொன்னாலானது, அது மலை என்று அதைப் பற்றி உண்மை பேச முடிகிறது. ஆகவே பொருள்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு, இருப்பு மட்டும் இல்லை என்பது அவர் நிலை. இருப்பவையும் இல்லாதவையும் ஒரே அட்டவணையில், ‘இருப்பு’ அதில் ஒரு கலம். ரஸ்ஸல் சில காலம் இதற்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டுப் பிறகு கடுமையாக விலகினார். 1948-இல் அமெரிக்கத் தத்துவவாதி டபிள்யூ.வி. குவைன் கேலியாகவே கேட்டார்: அந்த வாசலில் நிற்கக்கூடிய குண்டு மனிதர், அதே வாசலில் நிற்கக்கூடிய வழுக்கைத்தலை மனிதர், இந்த இருவரும் ஒருவரா இருவரா? எண்ணிச் சொல்ல வழியில்லாதவற்றை இருப்பவற்றோடு சேர்த்து எப்படிக் கணக்கில் வைப்பது?

நான் மைனோங்கைக் கேலி செய்ய மாட்டேன். போனவர்களைப் பற்றியும் பேச வேண்டிய தேவை நிஜமானது. ‘நீக்கப்பட்டது’ என்ற கலத்துக்குப் பதிலாக நான் குழுக்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: உண்மையில் முடிந்தது எது? முடிந்தது ஊழியர் இல்லை, அவருடைய பணிக்காலம். அப்படியானால் பணிக்காலத்துக்கு ஓர் அட்டவணை போடு, தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் எழுது. வாடிக்கையாளர் எங்கும் போகவில்லை, அவர் கணக்குத்தான் மூடப்பட்டது. மூடிய தேதியை எழுது. ‘இல்லாத ஊழியர்’ என்ற விசித்திரப் பிறவி அத்தோடு மறைந்துவிடும். அவர் இடத்தில், குறிப்பிட்ட தேதியில் முடிந்த ஒரு பணிக்காலம் நிற்கும். இல்லாதவற்றைப் பற்றிய பேச்சை இருப்பவற்றைப் பற்றிய பேச்சாகத் திருப்பி எழுத முடியுமா பார் என்று குவைன் சொன்ன வழி இதுதான். தத்துவத்தில் அது எல்லா இடத்திலும் பலிக்குமா என்பது இன்னும் தீராத வழக்கு. டெரன்ஸ் பார்சன்ஸ் போன்றவர்கள் 1980-களிலும் மைனோங் பக்கம் நின்று, முரணில்லாத ஒரு கோட்பாட்டைக் கட்டித்தான் காட்டினார்கள். அலுவலகத்தில் பெரும்பாலும் பலித்துவிடும்.

ஒரு கலத்தை மட்டும் நான் எதிர்ப்பதில்லை: ‘உயிருடன் உள்ளாரா’. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் இருப்பைக் கலமாக்கிய குற்றம் போலத் தெரியும். உயிருள்ளவற்றுக்கு வாழ்தலே இருத்தல் என்று அரிஸ்டாட்டிலே சொல்லியிருக்கிறார். ஆனால் ஃப்ரேகே பேசும் இருப்பு வேறு. உயிரோடு இருப்பது ஒருவரின் நிலை, மாறக்கூடியது, தேதி போட்டுச் சொல்லக்கூடியது. வாரிசுச் சான்றிதழ் கேட்டு ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். இறந்த தந்தையின் வரியை அழித்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் யாருக்கு வாரிசு? பிள்ளைகளின் வரிகள் ஒவ்வொன்றும் தந்தையின் வரியைச் சுட்டிக்கொண்டு நிற்கின்றன. சரியாகக் கட்டப்பட்ட டேட்டாபேஸ் அந்த வரியை அழிக்கவே விடாது. இறந்தவர் அட்டவணையில் இருக்கிறார், ‘உயிருடன்’ என்ற கலத்தில் ‘இல்லை’ என்ற மதிப்போடு. இதில் எந்த முரணும் கிடையாது. இறந்தவர்களுக்கும் உறவு உண்டு, கடன் உண்டு, சொத்து உண்டு என்பதால் தர்க்கத்தின் எண்ணிக்கைக்குள் அவர்களும் வந்தாக வேண்டும்.

அடுத்த சிக்கல் ‘அந்த ஒருவர்’ என்று சுட்டும் பேச்சு. கல்லூரிச் சான்றிதழில் துறைத் தலைவரின் பெயரை அச்சிட வேண்டும். ‘இயற்பியல் துறையின் தற்போதைய தலைவர்’ என்று குவெரி எழுதியாகிவிட்டது. தலைவர் ஓய்வுபெற்று, அடுத்தவர் இன்னும் பொறுப்பேற்காத வாரத்தில் அதை ஓட்டினால் என்ன ஆகும்? 1905-இல் ரஸ்ஸல் எடுத்துக்கொண்டது இதே கேள்விதான். பிரான்ஸ் குடியரசாகிவிட்ட காலத்தில் ‘பிரான்ஸின் தற்போதைய அரசர் வழுக்கைத்தலையர்’ என்ற வாக்கியம் உண்மையா, பொய்யா? அதற்குள் மூன்று கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன என்று அவர் பிரித்துக் காட்டினார்: அப்படி ஒருவராவது உண்டு, ஒருவருக்கு மேல் இல்லை, அவர் வழுக்கை. முதலாவது விழுந்ததால் வாக்கியம் முழுக்கப் பொய். 45 ஆண்டுகள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டின் பி.எஃப். ஸ்ட்ராசன் மறுத்தார். அரசரே இல்லாதபோது வழுக்கையா என்ற கேள்வியே எழாது, அங்கே உண்மையும் இல்லை பொய்யும் இல்லை என்றார்.

எஸ்.க்யூ.எல். இரண்டு பேருக்கும் கதவு திறந்து வைத்திருக்கிறது. ‘எக்ஸிஸ்ட்ஸ்’ போட்டு, இப்படி ஒரு தலைவர் இருந்து அவர் பேராசிரியராகவும் இருக்கிறாரா என்று கேட்டால் ‘பொய்’ வரும், அது ரஸ்ஸல். தலைவரின் பதவிப்பெயரை ஓர் உட்தேடலாக எழுதி ‘பேராசிரியர்’ என்பதோடு ஒப்பிட்டால், வரி கிடைக்காத இடத்தில் ‘நல்’ வந்து நிற்கும், ஒப்பீட்டின் விடை ‘தெரியாது’ என்றாகும். அது ஏறக்குறைய ஸ்ட்ராசன். பொறுப்புத் தலைவர், நிரந்தரத் தலைவர் என்று இரண்டு வரிகள் கிடைத்தால் குவெரி பிழை காட்டி நின்றேவிடும். ரஸ்ஸலின் இரண்டாவது கூற்று அங்கே உடைந்திருக்கிறது. எந்தக் கதவு சரி என்பதை வேலைதான் சொல்ல வேண்டும். சான்றிதழ் அச்சிடும் இடத்தில் ‘தெரியாது’ என்று விட்டால் பெயரில்லாத சான்றிதழ் வெளியே போய்விடும். அங்கே முதலில் ‘ஒருவர் உண்டா’ என்று கேட்டு, இல்லையென்றால் அச்சையே நிறுத்தும்படி எழுதுவேன்.

‘நல்’ என்பது எங்கள் தொழிலின் தனிச் சொத்து. காலியான கலத்துக்கு வைத்த குறி. இதனால் எங்கள் தர்க்கத்துக்கு இரண்டு மதிப்புகள் போய் மூன்றாகிவிட்டன: உண்மை, பொய், தெரியாது. துணைவர் பெயர் என்ற கலம் காலியாக இருந்தால் என்ன பொருள்? மணமாகாதவர், ஆகவே துணைவரே இல்லை என்பதா, துணைவர் உண்டு, பெயரைச் சொல்லவில்லை என்பதா? ஒன்று இருப்பைப் பற்றியது, மற்றது நம் அறிவைப் பற்றியது. இரண்டையும் ஒரே வெற்றிடத்தில் போட்டது வினையானது. காட் இதை உணர்ந்திருந்தார். 1990-இல் வந்த தன் நூலில் ‘பொருந்தும், ஆனால் தெரியவில்லை’, ‘பொருந்தவே பொருந்தாது’ என்று இரண்டு தனிக் குறிகள் வேண்டும் என்றார். பெரும்பாலான மென்பொருள்களில் இன்றும் ஒன்றுதான்.

அதன் விளைவை ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல் கேட்டிருந்தார்கள். கட்டியவர்களின் பதிவெண் பட்டியலில் இல்லாதவர்களைக் கொடு என்று ‘நாட் இன்’ போட்டு குவெரி எழுதப்பட்டிருந்தது. பட்டியல் காலியாக வந்தது. எல்லோரும் கட்டிவிட்டார்கள் என்று மேலதிகாரிக்குச் சந்தோஷம். கல்லாவில் பணம் அப்படிச் சொல்லவில்லை. பார்த்தால், ரசீது அட்டவணையில் ஒரே ஒரு வரியில் பதிவெண் விடுபட்டிருந்தது. ஒரு மாணவர் கட்டாதவர் என்று சொல்ல, அவர் எண் பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணிலிருந்தும் வேறுபட வேண்டும். அந்தத் தெரியாத எண்ணிலிருந்து வேறுபடுகிறாரா? தெரியாது. ஒரே ‘தெரியாது’ எல்லா மாணவர்களையும் விழுங்கிவிட்டது. குவெரியை ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ போட்டு மாற்றினோம்: இந்த மாணவர் பெயரில் ஒரு ரசீதாவது உண்டா என்று மட்டும் கேள். பட்டியல் நிரம்பி வழிந்தது. ‘ஒவ்வொன்றிலிருந்தும் வேறு’ என்பதும் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்பதும் பாடப்புத்தகத் தர்க்கத்தில் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுசேர்க்கும். அறியாமை ஒரு மதிப்பாக உள்ளே நுழைந்த இடத்தில் அவை பிரிந்து போகின்றன.

‘எல்லாப் பாடத்திலும் தேறியவர்கள்’ என்ற பட்டியல் இன்னொரு பழைய சண்டையைக் கிளப்பியது. எஸ்.க்யூ.எல்.லில் இதை நேராகக் கேட்கச் சொல் கிடையாது. தேறாத பாடம் என்று ஒன்று எவருக்கு இல்லையோ அவரைக் கொடு என்று இரண்டு மறுப்புகளாகச் சுற்றித்தான் எழுத வேண்டும். எழுதினோம். பட்டியலில், சேர்ந்த வாரத்திலேயே நின்றுவிட்ட, ஒரு பாடத்துக்கும் பதிவு செய்யாத மாணவர்களும் வந்து நின்றார்கள். தேர்வுப் பிரிவின் மூத்த அலுவலர் ஒருவர் தாளை மேசையில் போட்டார்.

“ஒரு பேப்பரும் எழுதாதவன் எல்லா பேப்பரும் பாஸா? என்ன மேடம் கணக்கு இது?”

“சார், அவன் தேறாத பேப்பர்னு ஒண்ணு காட்டுங்க.”

“அவனுக்குப் பேப்பரே இல்லையே!”

“அதான் சார். காட்ட முடியாதுல்ல.”

அவருக்குச் சிரிப்பு வந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பக்கம் அரிஸ்டாட்டில் இருந்தார். பழைய தர்க்கத்தில் ‘எல்லா அ-வும் ஆ’ என்றால் ‘சில அ ஆ’ என்று முடிவெடுக்கலாம். அதாவது அ என்று ஏதோ இருக்கிறது என்பது பேச்சிலேயே அடக்கம். ஃப்ரேகேயின் தர்க்கத்தில் ‘எல்லாம்’ என்பது இருப்புக்கு உறுதி தருவதில்லை. அது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அலுவலர் பக்கம் தமிழிலும் சாட்சி உண்டு. மணிமேகலையின் 29-ஆம் காதை பௌத்தத் தர்க்கத்தின் குறைபாடுகளை வரிசையாக விளக்குகிறது. அதில் ஆசிரயாசித்தம் என்ற ஒரு குற்றம்: எதைப் பற்றி வாதிடுகிறோமோ அந்தப் பொருளே எதிராளிக்கு ஏற்பில்லாமல் இருப்பது. ஆகாயம் என்று ஒரு பொருளே கிடையாது என்பவரிடம் ஆகாயத்துக்கு இன்ன குணம் உண்டு என்று வாதம் தொடங்கினால் முதல் அடியிலேயே சறுக்கல். வாதத்துக்கு முன் களத்தில் பொருள் இருக்க வேண்டும் என்பது அந்த மரபு. குவெரியில் ‘ஒரு பாடத்துக்காவது பதிவு செய்திருக்க வேண்டும்’ என்ற வரியைத் தனியாகச் சேர்த்தேன். அலுவலருக்கு வேண்டிய பட்டியல் கிடைத்தது, ஃப்ரேகேயும் தோற்கவில்லை. பேச்சுக்குள் அடங்கியிருந்த இருப்பை வெளியே எடுத்து எழுதியதுதான் வித்தியாசம்.

எண்ணிக்கை பூஜ்ஜியமா இல்லையா என்று கேட்பதற்கு முன்னால் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். அடையாளம் சொல்ல முடியாத எதையும் பொருள் என்று ஏற்க முடியாது என்பது குவைனின் புகழ்பெற்ற கட்டளை. நாங்கள் அதைப் ‘பிரைமரி கீ’ என்கிறோம்: ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் எண். முனுசாமி, முனியசாமி, கே. முனுசாமி என்று மூன்று வரிகள். ஒருவரா, மூவரா? தந்தை பெயர், பிறந்த ஆண்டு, முகவரி என்று பொருத்திப் பொருத்தித்தான் தீர்க்க முடியும். பெயர் இருக்கிறது என்பதால் ஆள் இருப்பதாகாது. ஆள் ஒருவர் என்பதால் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. வானத்திலும் இப்படி நடந்திருக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே யுரேனஸின் பாதைப் பிசகிலிருந்து கணித்துச் சொன்ன கோளை 1846-இல் பெர்லினில் தொலைநோக்கியில் கண்டார்கள், அது நெப்டியூன். புதனின் பாதைப் பிசகுக்கும் அவரே 1859-இல் இன்னொரு கோள் காரணம் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோள் எதுவும் இல்லாமலே அந்தப் பிசகை விளக்கியது. ஒரே அறிஞர், ஒரே மாதிரிக் கணக்கு. ஓரிடத்தில் எண்ணிக்கை ஒன்று, மற்றதில் பூஜ்ஜியம். பெயர்ப்பலகையை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெரிய கேள்வி மிச்சம். அட்டவணையில் எண்ணிக்கை பூஜ்ஜியம் என்றால் உலகத்திலும் பூஜ்ஜியமா? 1978-இல் ரேமண்ட் ரைட்டர் என்ற கணினி அறிஞர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: ‘மூடிய உலகக் கொள்கை’. பதிவில் இல்லாதது பொய் என்று கொள்வது. ரயில் கால அட்டவணைக்கு அது சரி. இரவு 11 மணிக்கு அந்த ஊருக்கு வண்டி என்று எழுதியிருக்கவில்லையென்றால் வண்டி இல்லைதான்; ஒவ்வொரு நேரத்துக்கும் ‘வண்டி இல்லை’ என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் ஒவ்வாமை என்ற இடத்தில் ஒன்றும் எழுதப்படாத நோயாளிக்கு ஒவ்வாமையே இல்லை என்று மருந்து கொடுக்க முடியுமா? அங்கே உலகம் திறந்திருக்கிறது. எந்த அட்டவணை எந்த வகை என்பதை மென்பொருள் அறியாது. வடிவமைப்பவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதிவேட்டின் சொல்லையே உலகத்தின் சொல்லாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிஹாரி 1975-லிருந்து 1994 வரை அரசாங்கப் பதிவேட்டில் இறந்தவர். நிலத்துக்காக உறவினர்கள் அப்படிப் பதிவு செய்யவைத்தார்கள். தன் பெயரோடு ‘மிருதக்’, அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டு, தன்னைப் போன்றவர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்துப் போராடினார். 2003-இல் அவருக்கு, நோபலைக் கேலி செய்யும் இக்நோபல் பரிசு தந்தார்கள். உயிரோடு இருப்பதை நிரூபிப்பது வழக்கமான நடைமுறையாகவே உள்ள இடமும் உண்டு: மத்திய அரசின் ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கிறார்கள். 2014-லிருந்து ‘ஜீவன் பிரமாண்’ மூலம் கைரேகையாலும் கொடுக்கலாம். விரல் தேய்ந்துபோன முதியவரின் ரேகையைக் கருவி ஏற்க மறுக்கும்போது ‘பொருந்தவில்லை’ என்று வருவதை, மேசைக்கு அப்பால் இருப்பவர் ‘இல்லை’ என்று வாசித்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

குவைனின் 1948-ஆம் ஆண்டுக் கட்டுரையில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது, ஒரு மாறியின் மதிப்பாக வருவதே இருப்பது என்ற சூத்திரம். எங்கள் மொழியில் சொன்னால், குவெரி தேடும் வரிகளில் ஒன்றாக நிற்பது. அதே கட்டுரையில் அவர் சேர்த்த எச்சரிக்கையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கோட்பாடு எவை இருப்பதாகச் சொல்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சூத்திரம். உண்மையில் எவை இருக்கின்றன என்பது வேறு கேள்வி. தத்துவ வகுப்பில் இதை ஒரு நுணுக்கமாகப் படித்தேன். அலுவலகத்தில் இது ஆளுக்கு ஓய்வூதியம் வருமா வராதா என்கிற விஷயம். ‘உண்டு’, ‘இல்லை’ என்ற தீர்ப்பு எதுவானாலும் அது எந்தத் தேடலுக்கு, எந்த அட்டவணையில், எந்தத் தேதி நிலவரப்படி என்ற மூன்றும் சேர்ந்தால்தான் முழுமையாகும்.

ஆகவே நான் பங்குபெறும் எந்தத் திட்டத்திலும் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் காட்டுவேன். தேடலுக்கு வரி கிடைக்காதபோது திரையில் ‘இப்படி யாரும் இல்லை’ என்று வரக் கூடாது. ‘இந்தப் பதிவேட்டில், நீங்கள் கொடுத்த எண்ணுக்கும் பிறந்த தேதிக்கும் பொருந்தும் பதிவு, நேற்று மாலை நிலவரப்படி கிடைக்கவில்லை’ என்று வர வேண்டும். திரையில் இடம் போதாது, யார் இவ்வளவு வாசிப்பார்கள் என்று குழுவில் யாராவது முணுமுணுப்பார்கள். வாசிக்க வேண்டியவர் வாசிப்பார் என்பது என் பதில். எண்ணைச் சரிபார்க்கலாம், பிறந்த தேதியை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், வேறு பதிவேட்டில் தேடச் சொல்லலாம், நாளைக்கு மறுபடி வரலாம். அவர் அடுத்துச் செய்யக்கூடியது அத்தனையும் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. ‘யாரும் இல்லை’ என்று முடித்துவிட்டால், எதிரே நிற்பவருக்குத் தான் இருப்பதை நிரூபிப்பதைத் தவிர வேறு வேலை மிஞ்சாது. அந்த வேலையை அவர் தலையில் கட்டும் உரிமை எந்த அட்டவணைக்கும் கிடையாது.